தீப்பொறிச் செருகி மாற்றுதல்

தீப்பொறிச் செருகி என்பது பெட்ரோல் பொறியின் உருளைக்குள் இருக்கும் எரிபொருள்-காற்றுக் கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்பார்க் பிளக் எனப்படுகிறது. தேய்ந்த செருகியை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்புப் பணிகளுள் ஒன்றாகும். பொதுவாக உருளைக்கு ஒரு செருகி இருக்கும். மாருதி 800 மகிழுந்தில் மூன்று உள்ளன. டீசல் பொறியில் இச்செருகி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது.

வரலாறு

எத்தியேன் லெனுவார் 1860-இல் பாரிசில் உருவாக்கிய வளிமப் பொறியில் மின்பொறிப் பற்றவைப்பு பயன்பட்டது. 1902-இல் பாஷ் நிறுவனப் பொறியாளர் கோட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற செருகியையும் உருவாக்கினார். இந்தியாவில், 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் செருகிகள் பரவலாக அறியப்பட்டன. 2008-இல் இந்நிறுவனம் பாஷ் எனப் பெயர் மாறியது.

தேய்வும் மலைச்சாலையும்

ஒவ்வொரு பொறியும் மின்முனைகளைச் சிறிது அரிப்பதால் அவற்றின் இடைவெளி கூடுகிறது. இடைவெளியோ உருளையின் அழுத்தமோ கூடினால், பொறி தாவுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும். ஆகவே சமவெளியில் வெளிப்படாத குறை, முடுக்கியை முழுவதும் அழுத்தி ஏறும்போது வெளிப்படும். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கும் ஏறும் மலைச்சாலைகளில் வண்டி உதறி இழுவை குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியே சென்று வினையூக்க மாற்றியையும் கெடுக்கும்.

மாற்றும் முறை

1. பொறி முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத் தலைப்பகுதியில் செருகியைக் கழற்றினால் மரை சிதையக்கூடும். மரையைச் சீராக்கும் செலவு செருகிகளின் விலையைவிடப் பன்மடங்காகும்.
2. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். செருகியைச் சுற்றியுள்ள தூசியைக் காற்றால் ஊதி அகற்ற வேண்டும்.
3. ஒரு நேரத்தில் ஒரு செருகியை மட்டும் மாற்றுவது நன்று. கம்பிகள் இடம் மாறினால் பற்றவைப்பு வரிசை குழம்பும். கம்பியை இழுக்காமல் அதன் உறையைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.
4. புதிய செருகியின் வகையும் இடைவெளியும் கையேட்டில் உள்ளபடி இருத்தல் வேண்டும்.
5. செருகியை முதலில் விரலால் திருக வேண்டும். தடங்கல் தெரிந்தால் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும்.
6. கையால் இறுகியபின், வளையம் உள்ள புதிய 14 மி.மீ. செருகியைப் பிளக் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருகினால் போதும். கூம்பு வடிவ இருக்கை கொண்டதற்குப் பதினாறில் ஒரு சுற்றே போதுமானது.

நிறம் காட்டும் குறிகள்

கழற்றிய செருகியின் நுனி இளம்பழுப்பு நிறமாக இருந்தால் பொறி நன்னிலையில் உள்ளது. உலர்ந்த கரி, கலவையில் பெட்ரோல் மிகுதி என்பதைக் காட்டும். மலை உச்சியில் காற்று மெலிவதால், கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் இது எளிதில் படியும். எண்ணெய்ப் பிசுக்கு, வளையங்கள் அல்லது வால்வுப் பகுதியின் தேய்வைக் காட்டும். வெளுத்து உருகிய முனை மிகைச் சூட்டின் அறிகுறி. பின்னிரு நிலைகளில் செருகியை மட்டும் மாற்றுவது தீர்வாகாது; பொறியையே சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

உள் எரி பொறி
டீசல் பொறி
கார்புரேட்டர்