கரும்பு வெட்டும் முன் ஒரு மூளை, வெட்டிய பின் ஒரு மூளை... தெரியுமா?

கையில் காசு இல்லாதபோது புத்தியும் மட்டுப்படும் என்று உலகத்துக்கே காட்டியவர்கள் நம்ம கரும்பு விவசாயிகள், தெரியுமா? விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 பேர். அதே ஆளுக்கு வெட்டுக்கு முன் ஒரு சோதனை, பணம் வந்த பின் ஒரு சோதனை. படத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்கும் புதிர்தான். பணம் வந்த பின் சுமார் 25 சதவீதம் கூடுதல் சரியான விடைகள்! வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் வெறும் 4 சதவீதம்.

வெயில், நோன்பி, பண்டிகை காரணமாக இருக்காதா? அங்கேதான் சூட்சுமம்! ஆலை எல்லார் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்காது. வெட்டு உத்தரவு மாதக்கணக்கில் ஆளுக்கொரு தேதியில் வரும். ஒரே மாதத்தில் ஒருத்தர் கையில் பணம், பக்கத்துக் காட்டுக்காரர் அடகுக்கடையில். ஆலையின் தாமதம் ஆய்வாளருக்கு வரம் (விவசாயிக்கு அல்ல).

2013ல் சயின்ஸ் இதழில் இதை எழுதிய நால்வரில் ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதனும் உண்டு. செந்தில், இந்தியாவில் ஒரு விவசாய கிராமத்தில் பிறந்து 1980ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனவர். அமெரிக்காவில் வேறு சிலர் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில் வித்தியாசம் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செந்தில் வேறு சிலரோடு ஆராய்ந்த கோயம்பேட்டுச் சந்தை வியாபாரிகளின் கணக்கு தெரியுமா? காலையில் 1,000 ரூபாய் தண்டல், நாளுக்கு 5 சதவீத வட்டி. தினம் 5 ரூபாய் மிச்சம் பிடித்து, அதனால் குறையும் வட்டியையும் அதோடு சேர்த்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், சுமார் 50 நாளில் கடனே இல்லை! போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஆனால் ஆய்வாளர்கள் கடனை மொத்தமாக அடைத்துக் கொடுத்தும் வியாபாரிகள் மெல்ல மெல்லத் திரும்பத் தண்டலுக்கே போனார்கள்.

ஹார்வர்டில் செந்திலிடம் பயின்ற ஃபிராங்க் ஷில்பாக் சென்னைக்கே வந்து ரிக்‌ஷாக்காரர்களின் குடியை ஆராய்ந்தார், தெரியுமா? பிறகு குருவும் சீடரும் சுப்ரீத் கவுர் முதலானவர்களோடு ஒடிசா போனார்கள். அங்கே இலைத்தட்டு தைப்பவர்கள் சிலருக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்னாடியே கொடுத்தார்கள். தட்டுக்கு இவ்வளவு என்ற கூலி மாறவே இல்லை; ஆனால் பணம் கைக்கு வந்ததும் தைத்த தட்டு கூடியது, பிழை குறைந்தது!

கருமத்தம்பட்டி, சோமனூர் தறிக்காரர்களே, சனிக்கிழமைப் பட்டுவாடாவை ஒரு வாரம் புதன்கிழமை போட்டுப் பாருங்களேன். துணியில் விழும் பிழையை எண்ணுவது உங்களுக்குத் தெரியாததா என்ன?