துத்தநாகத்தின் மேல் ஒரு பொன்வண்ணம்

ஷெவர்லே நிறுவனம் 1967ஆம் ஆண்டில் விற்ற கார்வெட் மகிழுந்துகளுள் 435 குதிரைத்திறன் கொண்ட வகை ஒன்று உண்டு. அதன் முக்கோணக் காற்றுவடிகட்டியைத் தூக்கினால், ஹோலி நிறுவனத்தின் கார்புரேட்டர்கள் மூன்று வரிசையாக அமர்ந்திருக்கக் காணலாம். ஆலையை விட்டு வந்த நாளில் அவற்றின் உடல் பொன்மஞ்சளாய் இருந்தது. சற்றே சாய்த்துப் பார்த்தால் இளம்பச்சையும் செந்நிறமும் அதன்மேல் அலையோடும். அரை நூற்றாண்டு கடந்த வண்டிகளில் எஞ்சியிருப்பதோ பெரும்பாலும் சாம்பல் பூத்து, பெட்ரோல் கறை படிந்த உலோகமே. அப்பொன்வண்ணத்தைத் தூரிகையாலோ தெளிப்பானாலோ மீட்க இயலாது. சில நொடிகளில் நடந்தேறும் ஒரு வேதிவினையின் விளைவு அது.

கார்புரேட்டரின் உடலுக்குள் ஊசி நுழையும் அளவிலான வழிகள் பல குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. அத்தகைய நுண்வடிவை எஃகு அச்சில் அழுத்தி வார்ப்பதற்குத் துத்தநாகக் கலவை மிகவும் உகந்தது. ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த அக்கலவை 385 பாகை செல்சியசை ஒட்டி உருகிவிடும். அலுமினியத்துக்கோ 660 பாகை வேண்டும். ஆனால் ஈரம் துத்தநாகக் கலவைக்குப் பகை. பெட்ரோலோடு வந்து மிதவைக் கிண்ணத்தின் அடியில் தங்கும் நீர், துத்தநாகத்தை வெண்துருவாக்கும். அத்துகள்கள் ஜெட் துளைகளை அடைத்துவிடும். அழகு கருதியன்று, இந்த அரிப்பைத் தடுக்கவே வார்ப்புகள் டைகுரோமேட் கரைசலில் முக்கப்பட்டன.

இம்முறையை 1930களில் வகுத்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம். லிட்டருக்கு 200 கிராம் சோடியம் டைகுரோமேட், உடன் சிறிதளவு கந்தக அமிலம். முக்கும் நேரம் 5 முதல் 10 நொடி. அமிலம் துத்தநாகத்தை மெல்லக் கரைக்கிறது. அவ்வினையில் ஹைட்ரஜன் அயனிகள் செலவாகவே, உலோகத்தை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் மட்டும் அமிலத்தன்மை தாழ்கிறது. அதே இடத்தில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் ஒரு பகுதி மூன்று இணைதிறனுக்கு இறங்கி, கூழ்மமாகப் படிகிறது. குறையாத குரோமியமும் அக்கூழ்மத்துக்குள் சிறைப்படுகிறது. மஞ்சள் நிறம் பெரிதும் அதனால் வருவது. வண்ண அலையோட்டம், மெல்லிய படலத்தில் ஒளி குறுக்கிடுவதால் வருவது. பின்னாளில் கீறல் விழுந்தால், சிறைப்பட்ட அக்குரோமியம் ஈரத்தில் கசிந்து கீறலை மூடுகிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் படலம் இது. பொறியியலில் இத்துணை எளிய வழியில் இத்துணை நுண்மை கைகூடுவது அரிது.

புதுப்பிப்போர் இடறும் இடம் பெரும்பாலும் முக்குவதற்கு முன்னரே வந்துவிடுகிறது. அழுக்கு நீங்கவென்று கடுங்காரத் தொட்டியில் இட்டால், துத்தநாகமும் அலுமினியமும் காரத்தில் கரைவன ஆதலால், வார்ப்பே தேயும். மணலடித்தால் கேடு இன்னும் மிகுதி. அழுத்தி வார்த்த துத்தநாகத்தின் மேற்புறம் அடர்த்தியானது; உட்புறமோ நுண்துளைகள் மலிந்தது. அம்மேல்தோல் உரிந்தபின் படலம் திட்டுத்திட்டாகவே பற்றும். காற்றுவாயின் மேல் ஆலை அடித்த எண்களும் மழுங்கிப்போகும். ஆண்டு, மாதம், வாரம் ஆகியவற்றை மூன்றே குறிகளில் சொல்லும் அந்த முத்திரை போய்விட்டால், கார்புரேட்டர் அவ்வண்டிக்கே உரியதென்று காட்டும் சான்றும் போயிற்று. பித்தளை ஜெட்டுகளைக் கழற்றாமல் முக்குவதும் தவறு. கரைசலில் இறங்கும் செம்பு, துத்தநாகத்தின் மேல் கருங்கறையாய்ப் படியும்.

முக்கி எடுத்த படலம் பாலாடைபோல் மென்மையானது. விரல் பட்டாலே கலையும். ஒரு நாள் ஆறவிட வேண்டும். விரைவாக உலரட்டும் என்று அடுப்பில் வைத்தால், 70 பாகையை ஒட்டியே நீரிழந்து வெடித்து, அந்த ஆற்றும் திறனை இழக்கும்.

எல்லாக் கார்புரேட்டருக்கும் இப்பொன்வண்ணம் உரியதன்று. 1961இல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப்பின் எஸ்.யு. கார்புரேட்டர்களில், அலுமினிய உறிஞ்சறையின் வெளிப்புறம் பளபளவென மெருகேற்றப்பட்டது. ஆனால் உட்புறத்தில் மெருகுத்தாள் படலாகாது. அறையும் அதனுள் ஏறியிறங்கும் உருளையும் இணையாகப் பொருத்தப்பட்டவை. மயிரிழை தேய்ந்தாலும் எரிபொருள் அளவு பிறழும். இத்தாலிய வெபரின் அலுமினிய உடலோ வார்த்த நிலையின் மங்கல் தோற்றத்திலேயே விடப்பட்டது. அதைக் கண்ணாடிபோல் மினுக்கிக் காட்டுவதை மீட்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

பழைய கரைசலை வீட்டுப் பட்டறையில் கலக்கவே கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூலை முதல் புதிய வண்டிகளின் பெரும்பாலான அரிப்புத்தடுப்புப் பூச்சுகளில் அதைத் தடைசெய்தது. மூன்று இணைதிறன் கரைசலில் சாயம் சேர்த்துச் செய்யும் மாற்று முறை பாதுகாப்பு மிக்கது. ஆயினும் அதன் மஞ்சள் ஒரே சீராய் நிற்கும், அலையோட்டம் குன்றும். பழைய வண்ணமே வேண்டுமெனில், உரிமம் பெற்ற முலாம்கூடத்தை நாடுவதே முறை. அங்கே செலவான கரைசலை வடிகாலில் விடுவதில்லை. அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட்டு இட்டுக் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்குவர். செம்மஞ்சள் பச்சையாக மாறும். பின்னர்ச் சுண்ணாம்பிட்டால் அது வண்டலாய் அடியில் இறங்கும். அவ்வண்டலை வடித்தெடுத்து, நச்சுக்கழிவாகத் தனியே அனுப்புவர்.