குறுமுனியும் குறு உடுத்திரளும்

தை மாத இறுதி, நிலவில்லா இரவு. லிங்கநகரிலிருந்து மாணவர் சிலருடன் துறைமுகக் கரைக்குச் சென்றேன். தென்வானில் அகத்திய மீன் சுடர்ந்தது. "அதற்குக் கீழே, சற்று மேற்கே பாருங்கள்" என்றேன்.

"அங்கே ஒன்றுமில்லையே, ஐயா" என்றான் ஒருவன்.

விளக்கொளி மறைத்திருந்த அப்பொருள் பெரிய மகெல்லன் முகில். பெயரிற் பெரிதாயினும் பால்வீதியை நோக்க அது சிறியதே. ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள குறு உடுத்திரள்.

இத்தகையன தோன்றியது எங்ஙனம்? பேரண்டத்தின் இளமையில், கண்ணுக்குப் புலனாகாக் கரும்பொருளின் ஈர்ப்பால் வாயு திரண்டு முதலிற் சிறுதிரள்களே உருவாயின. அவை கலந்தே பெருந்திரள்கள் வளர்ந்தன என்பர் அறிஞர். 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுந்திரளைப் பால்வீதி இன்றும் சிதைத்து உட்கொண்டு வருகின்றது.

குறுந்திரள்கள் தாமும் வளர்வனவே. இந்தியா 2015இல் ஏவிய அஸ்ட்ரோசாட், 150 முதல் 390 கோடி ஒளியாண்டு அப்பாலுள்ள 11 குறுந்திரள்களை நோக்கிற்று. அவற்றின் விளிம்புக்கு அப்பால் இளம் உடுக்கள் பிறக்கின்றன. அக்கூட்டங்கள் மெல்ல நடுவை நோக்கி நகர்ந்து திரளைப் பெருக்குகின்றன என 2022இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கடலைக் குடித்ததாகப் புராணம் புகலும் அகத்தியன் குறுமுனி. அவன் பெயர் தாங்கிய மீனின் கீழே இக்குறுந்திரள் இருப்பது தமிழுள்ளத்துக்கு உவப்பன்றோ?

மாசி அமாவாசையன்று விளக்கொளி எட்டாத கரைக்குச் சென்றோம். வெண்புகைபோல் ஒரு மங்கல் தெரிந்தது. "அதோ, ஐயா!" என்று முதலிற் கூவியவன், அன்று ஒன்றுமில்லை என்ற அதே மாணவன்.