போட்டிக்குப் பின் ஒற்றுமை



குற்றாலத்து ஐந்தருவியைக் காணாதவர் நம்மில் சிலரே. ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் நீர், கீழே வந்ததும் ஒன்றாய்க் கூடி ஓடுகிறது. மனிதர்க்கு இது அவ்வளவு எளிதன்று. பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் முடிந்த மறுநாள், தோற்றவனும் வென்றவனும் முகங்கொடுத்துப் பேசாததை ஆசிரியனாகப் பலமுறை கண்டிருக்கிறேன். அரசியற் கட்சிகளுக்கும் இச்சோதனை உண்டு.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்க விரும்புவோர், முதலில் தம் கட்சிக்குள்ளேயே போட்டியிடுவர். வென்றவர் துணைத்தலைவர் பதவிக்கு ஒருவரைத் தம்முடன் நிறுத்துவார். 1960ஆம் ஆண்டில் கென்னடி, தம்மோடு போட்டியிட்ட லிண்டன் ஜான்சனையே அவ்வாறு தேர்ந்தார். நம் நாட்டில் நடப்பது பாராளுமன்ற முறை. ஆகவே, இங்கே அச்சோதனை அமைச்சரவை அமைக்கும்போது வருகிறது.

1954ஆம் ஆண்டில் சென்னை இராஜ்யத்தில் நடந்ததைப் பாருங்கள். புதிய தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பினிடையே முதலமைச்சர் இராஜாஜி பதவி விலகினார். சட்டசபைக் காங்கிரஸ் கட்சித் தலைமைக்குக் காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராசருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற எம். பக்தவத்சலத்தையும் அமைச்சர்களாக்கினார், நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடமே இருந்தன.

இது வெறும் பெருந்தன்மையா? கணக்கும் இதில் உண்டு. 134 வாக்குகளில் 41 என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1952 தேர்தலில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்று, பிறர் துணையோடு ஆட்சி நடத்திய கட்சி. அத்தகைய கட்சி, தன்னுள் மூன்றில் ஒரு பங்கினரைப் புறந்தள்ளி நிலைத்திருக்க இயலுமா?

எனினும், ஒற்றுமைக்காகக் கொள்கையை விட்டுவிடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சர்ச்சைக்குரிய கல்வித் திட்டம் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. கல்வி அமைச்சராக இருந்தவர் சுப்பிரமணியமே! ஆளை ஏற்றனர், முடிவை மாற்றினர்.

எல்லாரும் இணங்கிவிட்டனர் என்று கூறுவதும் உண்மையாகாது. 1957 தேர்தலில் அதிருப்தி கொண்ட ஒரு பிரிவினர் தனித்து நின்றனர். 1959இல் இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஆயினும், அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டவர்களால் நாடு பயனடைந்தது. 1963இல் காமராசர் பதவி துறந்தபோது, அடுத்து முதலமைச்சரானவர் பக்தவத்சலமே. சுப்பிரமணியம் 1964 முதல் மத்திய உணவு அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு அடிகோலினார்.

மாணவர்களே, உங்கள் மன்றங்களிலும் நாளை தேர்தல் வரும். வென்றால், தோற்றவருக்குப் பெயரளவிற்கன்றி உண்மையான பொறுப்பை அளியுங்கள். தோற்றால், அழைப்பு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். முன்னதைவிடப் பின்னது கடினம். ஆதலால் அதனை இப்போதே பழகுங்கள்.