மென்பொருள் எங்கிருந்து வருகிறது?

புதுக் கணினியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றி முடித்ததும் பலர் செய்கிற முதல் வேலை, பிரவுசரைத் திறந்து ‘விஎல்சி டவுன்லோடு’ என்று தேடுவது. விண்டோஸில் பழகிய கைக்கு அதுதான் தெரிந்த வழி. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தளம், அதில் ஒரு டவுன்லோடு பட்டன், அந்தப் பட்டன் அசலா விளம்பரமா என்ற சந்தேகம். லினக்ஸில் இந்த அலைச்சல் தேவையில்லை. என்னென்ன போட்டுக்கொள்ளலாம் என்று பட்டியல் கேட்பவர்களிடம், மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அது பிடிபட்டுவிட்டால் பட்டியலை அவரவரே போட்டுவிடலாம்.

உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் தாய்வீடு டெபியன். இயன் மர்டாக் மாணவராக இருந்தபோது, 1993 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பின் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் கிடங்கில், ஏறக்குறைய 70,000 தொகுப்புகள் உள்ளன. தொகுப்பு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ளத் தனியாளோ குழுவோ இருப்பார்கள்; பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மூல நிரலை எடுத்து, அதன் உரிமத்தைப் பார்த்து, டெபியனின் விதிகளுக்கு ஒத்துவரும்படி கட்டிச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. உலகம் முழுக்க எத்தனையோ கணினிகள் இவர்களுடைய உழைப்பில் ஓடுகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

நம் இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து மென்பொருளை எடுத்துத் தரும் கருவி ஆப்ட். டெர்மினலைத் திறந்து ‘சூடூ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விஎல்சி தனியாக ஓடாது. வீடியோவைப் பிரித்துப் படிக்க எஃப்எஃப்எம்பெக்கின் நிரல் நூலகங்கள் வேண்டும், ஒலிக்கு வேறு சில வேண்டும். ஆப்ட் தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, இவற்றில் எவை ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன, எவை இல்லை என்று கணக்கிட்டு, இல்லாதவற்றை மட்டும் பட்டியலிட்டு நம் சம்மதம் கேட்கிறது. ஒரே நூலகத்தைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்வதால், அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரியவந்தால் நூலகத்தை ஒருமுறை புதுப்பித்தாலே போதும். அதை நம்பியிருக்கும் எல்லாமே சரியாகிவிடும்.

நம் கண்ணில் படாத வேலை ஒன்றும் நடக்கிறது. களஞ்சியத்தின் தலைமைக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அந்தக் கோப்பு, அட்டவணையின் கைரேகையைச் சொல்லும். அட்டவணை, ஒவ்வொரு தொகுப்பின் கைரேகையையும் சொல்லும். கையொப்பத்தைச் சோதிக்கும் சாவி, இயங்குதளத்தை நிறுவும்போதே கணினிக்குள் வந்துவிடுகிறது. ஆகவே வழியில் யாராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் கைரேகை பொருந்தாது, ஆப்ட் அந்தத் தொகுப்பை ஏற்காது. ஏதோ ஒரு தளத்தில் கிடைக்கிற கட்டளையை அப்படியே வெட்டி ஒட்டி, முன்னால் ‘சூடூ’ சேர்த்து ஓடவிட்டால் இந்தக் காவல் எதுவும் கிடையாது. கணினியின் முழு அதிகாரத்தையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்ததாகிவிடும்.

களஞ்சியத்துக்கும் சோதனை வரும். ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் பராமரிப்பில் புனைபெயரில் சேர்ந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024 தொடக்கத்தில் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு புறவாசலை ஒளித்துவைத்தார். அந்த மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், வெளியிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். அந்த அரை விநாடியை விடாமல் துருவிக்கொண்டே போய்ச் சதியைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை. அங்கே புதிய தொகுப்புகள் முதலில் ‘அன்ஸ்டேபிள்’, பிறகு ‘டெஸ்டிங்’ என்ற கட்டங்களில் புழங்கித் தேறியபின்தான் ‘ஸ்டேபிள்’ பதிப்பில் இடம்பெறும். இங்கே மென்பொருள் பழசாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி வேலையில் இறங்கலாம். முதலில் ‘ஆப்ட் அப்டேட்’, அடுத்து ‘ஆப்ட் அப்கிரேடு’. இரண்டுக்கும் முன்னால் ‘சூடூ’ வேண்டும். முதல் கட்டளை எதையும் நிறுவாது, அட்டவணையை மட்டும் புதுப்பிக்கும். உண்மையான புதுப்பித்தல் இரண்டாவதில்தான் நடக்கிறது. என்விடியா கார்டு இருந்தால் உபுண்டுவின் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பார்த்துக்கொள்ளும். காப்புரிமைச் சிக்கலால் உடன் தரப்படாத சில ஒலி, வீடியோ கோடெக்குகளுக்கு ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ தொகுப்பு இருக்கிறது. அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ், படங்களைத் திருத்த கிம்ப், வரைய இங்க்ஸ்கேப். டெர்மினல் பிடிக்காதவர்கள் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் பெயரைத் தேடி ஒரு கிளிக்கில் முடித்துக்கொள்ளலாம். அதுவும் பெரும்பாலும் இதே களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தரும்.

தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஐபஸ் எம்17என்’ தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்துவிட்டு உள்ளே வந்தால், விசைப்பலகை அமைப்பில் தமிழுக்குப் பல வரிசைகள் தெரியும். தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்குப் பழைய தட்டச்சு வரிசை. ஒலிப்படி அடிக்கிறவர்களுக்கு ஃபொனெட்டிக். புதிதாகக் கற்பவர்களுக்கு என் பரிந்துரை தமிழ்99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற வரிசை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், அதிகம் புழங்கும் மெய்கள் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ எழுத ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘பந்து’வில் ந-வை அடுத்து த வருவதைப் பார்த்து அங்கேயும் புள்ளி வைத்துவிடும். தமிழில் எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்ற இலக்கணமே விசைப்பலகைக்குள் இறங்கியிருக்கிறது.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாத இன்னொன்று டெசராக்ட். ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வகத்தில் 1980களில் உருவாகி, 2005இல் திறந்த மூலமான எழுத்துணரி இது. இதையும் ‘டெசராக்ட் ஓசிஆர் டேம்’ என்ற தமிழ்த் தரவுத் தொகுப்பையும் நிறுவிக்கொண்டால், அச்சிட்ட பக்கத்தின் ஸ்கேன் படத்தைத் திருத்தவும் தேடவும் கூடிய எழுத்தாக மாற்றித்தரும். தெளிவான அச்சு என்றால் நன்றாகவே படிக்கும். மங்கிய பழைய புத்தகங்களில் துணைக்காலும் ர-வும் குழம்பக்கூடும், கூட உட்கார்ந்து திருத்த வேண்டும். கையெழுத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

களஞ்சியத்தில் இல்லாததோ, இன்னும் புதிய பதிப்போ வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் இருக்கிறது. மென்பொருளைப் பெரும்பாலும் தனி அறையில் அடைத்து ஓடவிடும். வட்டில் அதிக இடம் பிடிக்கும் என்பது குறை. ஃபிளாட்பேக் மென்பொருள்கள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்தில் எடுக்கும்போது, உருவாக்கியவர்களே வெளியிட்டார்கள் என்பதைக் காட்டும் ‘வெரிஃபைடு’ குறி இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவின் பிபிஏ என்ற தனியார் களஞ்சியங்களை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அதனால் மிகவும் தேவை என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நிறுவி முடித்தபின் ‘ஆப்ட் மார்க் ஷோமேனுவல்’ என்ற கட்டளையை ஒருமுறை ஓடவிடுங்கள். நூலகங்களாகத் துணைக்கு வந்தவற்றை விட்டுவிட்டு, இயங்குதளத்தோடு வந்த அடிப்படைத் தொகுப்புகளையும் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டவற்றையும் அது வரிசையாகக் காட்டும். அதை ஒரு கோப்பில் சேமித்துப் பென்டிரைவில் போட்டுவைத்தால், நாளைக்கு வட்டு பழுதானாலும் அதே பதிப்பை ஏற்றி, அந்தப் பட்டியலை ஆப்டிடம் கொடுத்து, களஞ்சியத்திலிருந்து எடுத்த அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.