பனி உருகும் காலமும் நாய்க்குட்டியின் வாயும்

மொன்றியலில் பங்குனி, சித்திரை மாதங்களில் பனி உருகத் தொடங்கியதும், மாரி முழுவதும் அதனடியில் புதைந்து கிடந்த குப்பைகள் யாவும் நடைபாதைகளில் வெளிப்படுகின்றன. கோழி எலும்புகள், சிகரெட் கட்டைகள், இனிப்புப் பண்டங்களின் உறைகள் ஆகியவற்றோடு, கனடாவில் 2018 ஒக்ரோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்ட பின்னர், புகைத்தெறிந்த கஞ்சாத் துண்டுகளும் இவற்றுட் காணப்படுகின்றன. பிள்ளைகளின் வேண்டுதலுக்கு இணங்கி நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கியுள்ள எம்மவர் குடும்பங்களுக்கு இது கவலைக்குரிய பருவமாகும்.

ஊரில் நாய் வளவிலும் ஒழுங்கையிலும் தன் விருப்பப்படி திரிந்தது. அது எதைத் தின்கிறதென்று நாம் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. இங்கோ அது கயிற்றின் மறுமுனையில் எம்முடனேயே நடக்கிறது. ஆகவே அதன் வாய்க்குள் போவதற்கு நாமே பொறுப்பாளிகள்.

குட்டி நிலத்திலுள்ளதைக் கவ்வுவது பசியினால் மட்டுமன்று. குழந்தை கையால் தொட்டறிவதை அது வாயால் அறிகிறது. பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் மூன்றாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரையில் கடிக்கும் வேட்கையும் மிகுந்திருக்கும். ஆனால் சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். சொக்கலேற், திராட்சை, வெங்காயம் ஆகியன நாய்க்கு நஞ்சு. கார் இயந்திரம் உறையாதிருக்க ஊற்றும் திரவத்திலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது; சிறிதளவு நக்கினாலும் சிறுநீரகம் பழுதடையும்.

குட்டி எதையாவது கவ்வியதும் கூச்சலிட்டுத் துரத்தி, வாயைப் பிளந்து பிடுங்குவதே பலரின் வழக்கம். இதனால் குட்டி கற்பது ஒன்றே: அடுத்த முறை விரைந்து விழுங்கிவிட வேண்டும். கைவிட்டால் அதனினும் நல்லது கிடைக்கும் என்பதை அதற்கு உணர்த்துவதே பயன்தரும் வழியாகும்.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். ஒரு துண்டு உணவைக் கையில் மூடிப்பிடியுங்கள். குட்டி முகரும், நக்கும், காலாற் பிறாண்டும், பொறுத்திருங்கள். அது முகத்தை விலக்கிய கணமே, மறு கையிலிருந்து வேறொரு சுவையான துண்டைக் கொடுங்கள். இது பழகிய பின் 'விடு' என்ற சொல்லைச் சேருங்கள். அடுத்து உணவை நிலத்தில் வைத்துக் கையால் மூடியும், பின் மூடாமலும், இறுதியில் வீதியிலும் பழக்குங்கள். விடச் சொன்ன பொருளை ஒருபோதும் பரிசாகக் கொடுக்கலாகாது.

கியூபெக்கில் 2020 மார்ச் 3 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பொது இடத்தில் நாயின் கயிறு 1.85 மீற்றருக்கு மேற்படலாகாது. குப்பை மிகுந்த இடங்களில் அதனையும் குறுக்கிப் பிடிப்பது நன்று. பயிற்சி முற்றும்வரை, மூச்சு வாங்கவும் நீர் அருந்தவும் இடமளிக்கும் கூடை போன்ற வாய்மூடியும் உதவும்.

எம் வீடுகளில் தாய் தமிழிலும், பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கட்டளையிட்டால் குட்டி குழம்பிவிடும். எம்மொழியாயினும் ஒரே சொல்லை அனைவரும் வழங்குதல் வேண்டும்.

நஞ்சை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால், உப்பு நீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள், அதுவே ஆபத்தாகலாம். என்ன, எவ்வளவு, எப்போது என்ற விபரங்களுடன் உடனே மிருக வைத்தியரைத் தொலைபேசியில் அழையுங்கள். அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். எமது மருத்துவ அட்டை இச்செலவை ஏற்பதில்லை என்பதால், வீட்டில் நாள்தோறும் ஐந்து நிமிடம் பழக்குவது எந்தக் குடும்பத்துக்கும் இலாபமே.