கம்பி இல்லாத டெலிபோன் மூளையைக் கெடுக்குமா?

அடுப்பங்கரையில் குழம்பைக் கிண்டிக்கொண்டே பேசலாம். மாடிப்படியில் உட்கார்ந்து பேசலாம். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டும் பேசலாம். அதுதான் "கார்ட்லெஸ்" டெலிபோன்.

வசதி சரி. ஆனால் கம்பி இல்லாமல் பேச்சு எப்படிப் போகிறது? அது தலைக்குள் புகுந்து ஏதாவது செய்யுமா? கைக்குழந்தை உள்ள தாய்க்கு இந்தக் கவலை வருவது இயற்கை.

பேச்சைச் சுமந்து செல்வது ரேடியோ அலை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் "டெக்ட்" முறை டெலிபோன்கள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளில் வேலை செய்கின்றன.

எக்ஸ்ரே வேறு, இது வேறு. எக்ஸ்ரே, அணுவில் இருக்கும் எலெக்ட்ரானைப் பிய்த்து எறிந்துவிடும். ரேடியோ அலைக்கு அந்தப் பலம் கிடையாது. அளவு மிக அதிகமானால் சூடு உண்டாக்கும். நிச்சயமாகத் தெரிந்த கெடுதல் அதுதான்.

எவ்வளவு சக்தி?

கையில் பிடிக்கும் கருவி, நொடிக்கு 100 முறை விட்டுவிட்டு அலையை அனுப்புகிறது. அனுப்பும் நேரம் 24-ல் ஒரு பங்குதான். ஆகவே சராசரி சக்தி சுமார் 10 மில்லிவாட். 40 வாட் பல்பின் சக்தியில் இது நாலாயிரத்தில் ஒரு பங்கு! சிக்னல் குறைந்த இடத்தில் பழைய ஜி.எஸ்.எம். செல்போன் இதைப்போல் 25 மடங்கு வரை அனுப்பும்.

புற்றுநோய் வருமா?

2011-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ரேடியோ அலைகளை "ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. பலர் பதறினார்கள். ஆசிய நாடுகளில் பழைய முறைப்படி போடும் காய்கறி ஊறுகாயும் அதே பட்டியலில்தான் இருக்கிறது! ஆதாரம் போதாது, ஆனால் அடியோடு தள்ளிவிடவும் முடியாது என்பதே அதன் பொருள்.

2024-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். செல்போனால் மூளைப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. கார்ட்லெஸ் டெலிபோனுக்கும் அப்படியே. ஆனால் இதற்குக் கிடைத்த ஆதாரம் செல்போன் அளவுக்கு உறுதியானது அல்ல.

தொட்டில் பக்கத்தில் வேண்டாம்

சுவரோரம் வைக்கும் தாய்க் கருவி, பல மாடல்களில், யாரும் பேசாதபோதும் அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். "வீணாக ஏன்?" என்று ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் 2006-ல் கேட்டது. பேசாதபோது அடங்கியிருக்கும் "ஈகோ" வசதி பிறகு பல டெலிபோன்களில் வந்தது. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

தூரம் இரட்டித்தால் அலையின் வேகம் குறையாது, பலம் நாலில் ஒன்றாகும். ஆகவே தாய்க் கருவியைத் தொட்டிலுக்கும் தலையணைக்கும் பக்கத்தில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். காசு செலவில்லாத காரியம்.

அலைக்குப் பயப்படுகிறவர்கள் வேறு இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. ரீசார்ஜ் பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில், கடிகாரத்துக்குப் போடும் சாதா பேட்டரியைப் போடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது அது ஒழுகும், வெடித்தாலும் வெடிக்கும்.

இன்னொன்று, மின்சாரம் நின்றால் தாய்க் கருவி செத்துவிடும். நடுராத்திரியில் டாக்டரைக் கூப்பிட வேண்டுமானால் என்ன செய்வது? செம்புக் கம்பி இணைப்பு உள்ள வீட்டில், கம்பியோடு கூடிய சாதாரண டெலிபோன் ஒன்றும் இருக்கட்டும். அதற்கு வேண்டிய மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வருகிறது.